கண்டிச் சீமையில் பள்ளிக்கூடம் தேடி

எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் பாட்டி காலம் வரைக்கும் இலங்கை என்று யாரும் சொன்னதில்லை. கண்டி என்றுதான் சொல்வார்கள். "கண்டிக்குப் போனவன்" என்றால் மலையில் கூலிக்குப் போனவன். பாட்டியின் தாய்மாமன் ஒருவர் அப்படிப் போய், சில வருடம் கடிதம் போட்டு, பிறகு அதுவும் நின்றுபோனது. அவர் வம்சத்தைத் தேடி நான் கிளம்பவில்லை. அதற்கெல்லாம் மூன்று தலைமுறை தாமதமாகிவிட்டது. கண்டியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் முப்பது வருடம் அரசுப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவனுக்கு ஒரு தொழில் நோய் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் கோயில் கோபுரத்துக்கு முன்னால் பள்ளிக்கூடக் கூரைதான் கண்ணில் படும். 2024 செப்டெம்பர் முதல் வாரத்தில் கண்டியில் இறங்கியபோதும் அதுதான் நடந்தது.

கண்டி: குளக்கரை

தலதா மாளிகைக்கு முன்னால் குளம் அமைதியாகக் கிடக்கிறது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயலை மறித்துக் கட்டிய குளம். நாயக்கர் வம்சத்துக் கண்ணுசாமி என்பதுதான் அவனுடைய இயற்பெயர். 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு நம் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்து மண்டபம் கட்டியிருக்கிறோம். குளத்தை வெட்டியது ராஜகாரியம். அதாவது, நிலம் வைத்திருக்கும் குடியானவன் அரசனுக்குச் சம்பளமில்லாமல் செய்து தீர வேண்டிய வேலை. 1830களில் ஆங்கிலேயர் அதை ஒழித்தார்கள். முழுதாக ஒழிந்ததா என்ற சந்தேகம் எனக்கு இரண்டு நாள் கழித்து, மலை மேல் வந்தது.

காலையில் குளத்தைச் சுற்றி நடந்தால் வெள்ளைச் சீருடை வெள்ளம். கண்டி ஒரு பள்ளிக்கூட ஊர். 1872இல் தொடங்கிய டிரினிட்டி கல்லூரி, 1887இல் தொடங்கிய தர்மராஜ கல்லூரி, மகாமாயா, ஹில்வூட் என்று சரிவுக்குச் சரிவு பெயர் பெற்ற பள்ளிகள். இங்கே கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான். விளையாட்டு மைதானமும் நீச்சல் குளமும் பழைய மாணவர் சங்கமும் சேர்ந்ததுதான் கண்டிக்காரர் கண்ணில் நல்ல பள்ளி. முதலாம் ஆண்டு சேர்க்கையில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்துக்குப் புள்ளி உண்டு. அதற்காகவே சுவரை ஒட்டி வாடகைக்கு வீடு தேடும் பெற்றோர் இருக்கிறார்கள்.

இடியப்பமும் பொல் சம்பலும் மஞ்சள் சொதியும் சாப்பிட உட்கார்ந்த கடையில் ஒரே தேர்தல் பேச்சு. ஜனாதிபதித் தேர்தல் 21ஆம் தேதி. ரணிலா, சஜித்தா, அநுரவா என்று சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சத்தம். கடைக்காரர் எனக்கு இன்னொரு கரண்டி சொதி ஊற்றிவிட்டு, "யார் வந்தாலும் தேங்காய் விலை குறைஞ்சா சரி ஐயா" என்றார்.

ஹந்தானை

நகரத்துக்கு மேலே ஹந்தானை மலையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. 1925இல் கட்டிய தொழிற்சாலை 2001 முதல் காட்சியகமாக இருக்கிறது. பழைய உருட்டு இயந்திரங்களையும் எண்ணெய் எஞ்சின்களையும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள். என்னை அதிகம் நிறுத்தி வைத்தது கட்டடம்தான். நான்கு மாடி, சுற்றிலும் ஜன்னல், ஜன்னல், ஜன்னல். பறித்த கொழுந்து முதலில் வாட வேண்டும். வாடுவதற்குக் காற்று வேண்டும். அதனால் மேல் தளங்களில் சுவரைவிட ஜன்னல் அதிகம். இலைக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வாத்தியார் புத்தி அதைக் குறித்து வைத்துக்கொண்டது.

பேராதனை

ஹந்தானை மலையின் அடிவாரத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகம். மகாவலி ஆறு வளைந்து போகிற பள்ளத்தாக்கில், 1952இல் இங்கே குடிவந்தது. இவ்வளவு அழகான வளாகத்தில் பிள்ளைகள் எப்படிப் பாடத்தைக் கவனிக்கிறார்கள் என்று தோன்றும்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவரோடு ஆற்றங்கரை மூங்கில் நிழலில் பேசிக்கொண்டிருந்தேன். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கச் சொல்லி மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். காலியிலிருந்து கொழும்புக்கு நடந்தே போனார்கள். "இப்ப ரெண்டு சதவீதத்துக்குப் பக்கத்தில நிக்குது. 2022இல என்ன நடந்தது தெரியும்தானே, மேல் மாகாணத்தில தவணைப் பரீட்சையே தள்ளிப்போச்சு. ஏனெண்டா அச்சடிக்கக் கடதாசி இல்லை" என்றார். அந்த வருட ஏப்ரலில்தான் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது.

அவரிடம் நான் ஒரு கதை சொன்னேன். மகன் கலிஃபோர்னியாவில் இருக்கிறான். அவன் வீட்டில் தங்கியிருந்தபோது அவனுக்கு வந்த வாக்குச் சீட்டைப் பார்த்தேன். ஜனாதிபதி, மேயர் பெயர்களுக்குக் கீழே ஒரு கேள்வி: உள்ளூர்ப் பள்ளிகளின் கூரை, கழிப்பறை, ஆய்வுக்கூடம் ஆகியவற்றைச் சரிசெய்ய இத்தனை கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா, ஆம், இல்லை. 100க்கு 55 பேர் ஆம் என்றால் கடன் வாங்கலாம். முன்பு மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு மக்களே வாக்களித்து அதைக் குறைத்தார்கள். அந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்கக் கூடாது, கட்டடத்துக்கும் தளவாடத்துக்கும் மட்டும். செலவைப் பார்க்க ஊர்க்காரர் குழு ஒன்று இருந்தாக வேண்டும். கடனை அடைப்பது அவரவர் வீட்டின் மேல் வரும் சொத்து வரி.

"கடன் பத்திரம் எண்டா எங்கட பாஷையில பிணைமுறி" என்று சிரித்தார் அவர். "இந்த நாட்டில அந்தச் சொல்லைச் சொன்னா ஆக்களுக்கு 2015இல மத்திய வங்கிப் பிணைமுறி ஏலத்தில நடந்த மோசடிக் கூத்துத்தான் ஞாபகம் வரும். பிணைமுறியில பள்ளிக்கூடம் கட்டலாம் எண்டு போய்ச் சொல்லிப் பாருங்கோ, அடிக்க வருவாங்கள்."

கலஹா

பேராதனையிலிருந்து சிவப்பு பஸ் மலை ஏறுகிறது. வயலும் கித்துல் மரமும் மெல்ல விலகி, ஒரு வளைவில் சட்டென்று எல்லாம் தேயிலை. வண்டிக்குள் பேச்சும் மாறிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழும் கொழும்புத் தமிழும் என் காதுக்குப் பழக நேரம் பிடித்தது. இங்கே பின் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது கந்தர்வகோட்டைச் சந்தையில் கேட்கிற பேச்சு.

கலஹா கடைத்தெருவில் கோதுமை ரொட்டியும் கட்டைச் சம்பலும். கூடவே பிளேன்டீ, தனியாக ஒரு கரண்டி சீனி. சீனியை உள்ளங்கையில் வைத்து, நக்கிக்கொண்டே தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும். உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற மலையில் என் கிளாசுக்கு வந்தது தூள். நல்ல இலை கப்பலேறிவிடும் என்று சொல்லிச் சிரித்தார் கடைக்கார அண்ணன்.

அங்கிருந்து மேலே ஒரு தோட்டத்துப் பாடசாலைக்குப் போனேன். நண்பரின் நண்பர் சொல்லி வைத்திருந்தார். அதிபர் ஐம்பது வயதுப் பெண்மணி. அதே மலையில் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்து, படித்து, அங்கேயே திரும்பி வந்தவர். "வாங்க சேர். தலைமை ஆசிரியரா இருந்தவருன்னு சொன்னாங்க. குறை கண்டுபிடிக்க வந்தீங்களா?" என்றார். "நமக்கு வேற என்ன டீச்சர் தெரியும்?" என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது.

ஒரே நீள மண்டபம். ஐந்து வகுப்பு. நடுவில் பலகைத் தடுப்பு, பலகை இல்லாத இடத்தில் அலுமாரி. மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு ஓடுகிறது, அலுமாரிக்கு அந்தப்பக்கம் சிங்களப் பாடம், கடைசித் தடுப்பில் 15ஆம் தேதி வரப்போகிற புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். ஜன்னல் ஒரு பக்கம் மட்டும். மழை வந்தால் அதையும் சாத்த வேண்டும், பிறகு கரும்பலகை தெரியாது. ஹந்தானைத் தொழிற்சாலையின் ஜன்னல்களை நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து கட்டடங்களைப் பார்த்தோம். மண்டபம் தோட்டத்துரை காலத்தது. 1907இல் வந்த சட்டம் தோட்டப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. லயத்து மூலையிலோ மரத்தடியிலோ ஒரு வாத்தியாரை உட்கார வைத்தால் பொறுப்பு தீர்ந்தது. அடுத்த கட்டடம், இரண்டு வகுப்பறையும் ஒரு அலுவலகமும், 1980களுக்குப் பிறகு ஸ்வீடன் நாட்டு உதவியில் வந்தது. எல்லோரும் அதை இன்னும் "சீடா பில்டிங்" என்கிறார்கள். மூன்றாவது, வாசல் வளைவு. பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஒரு எம்.பி. கட்டியது, அவர் பெயர் பெரிய எழுத்தில்.

"இதுக்கும் அதுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லியே டீச்சர்?" என்று மண்டபத்தையும் சீடா கட்டடத்தையும் காட்டிக் கேட்டேன்.

"நடுவுல எங்களுக்கு ஓட்டு இல்ல சேர்" என்றார்.

வரலாற்றுப் பாடமாக நான் படித்தது அப்போதுதான் சுவராக எதிரில் நின்றது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. 1948இல் குடியுரிமைச் சட்டம், 1949இல் வாக்காளர் சட்டத் திருத்தம். மலையகத் தமிழரில் பெரும்பாலோருக்கு நாடும் போனது, வாக்கும் போனது. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நாடு முழுக்கப் பரவியது. தோட்டப் பள்ளிகளோ அதற்கு வெளியே தோட்டக் கம்பெனியின் கையில் கிடந்தன. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். 1977இல்தான் சௌமியமூர்த்தி தொண்டமான் தேர்தலில் வென்று மீண்டும் நாடாளுமன்றத்துக்கு வந்தார். 1947க்குப் பிறகு தோட்டத் தொழிலாளர் வாக்கில் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டது அப்போதுதான். தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம். கடைசியாக மிஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது. வாக்கு வந்த பிறகுதான் செங்கல் வந்திருக்கிறது.

கழிப்பறைக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. மேலே ஓடையிலிருந்து ரப்பர் குழாய் போட்டிருக்கிறார்கள். கோடையில் ஓடை வற்றினால் பிள்ளைகள் லயத்துப் பீலிக்கரைக்குப் போக வேண்டும். பெரிய பெண் பிள்ளைகள் அந்த நாட்களில் பள்ளிக்கே வருவதில்லை.

அதிபர் அலுமாரியிலிருந்து ஒரு கொப்பி எடுத்துக் காட்டினார். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கு. வரவுப் பக்கத்தில் பெயர்கள், எதிரில் தொகை. சில பெயர்களுக்கு எதிரில் தொகைக்குப் பதில் "அரை நாள் வேலை" என்று எழுதியிருந்தது. ஒரு பெயருக்கு எதிரில் "தகரம் 2". செலவுப் பக்கத்தில் சீமெந்து, ஆணி, மணல் ஏற்றிய லொறிக்கூலி. வகுப்பறைத் தரை இப்படித்தான் பூசப்பட்டிருக்கிறது. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குப் போய், கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து, பிறகு பள்ளிக்குச் சிரமதானம். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலிக்கு, இத்தனை கிலோ பறித்தாக வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிற ஊரில் அரை நாள் என்பது பெரிய காசு. குளக்கரையில் நினைத்த ராஜகாரியம் இங்கேதான் திரும்ப ஞாபகம் வந்தது.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு காலம் இருந்தது என்று அவரிடம் சொன்னேன். காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் கூடிப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போடும். ஒருவர் நிலம், ஒருவர் கடிகாரம், ஒருவர் பெஞ்சு. நான் படித்த பள்ளியின் சுவர்க்கடிகாரத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் பெயர் இருந்தது. மணி பார்க்கும்போதெல்லாம் அவர் பெயரையும் படிப்போம். ஆனால் அங்கே ஊரார் கொடுத்ததற்குப் பின்னால் ஓட்டுக் கேட்டு வர வேண்டிய அரசாங்கம் ஒன்று நின்றது. ஆசிரியர் சம்பளத்துக்கு யாரும் தகரம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கலிஃபோர்னியாக் கதையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு கேட்டது ஒரே கேள்வி.

"வீட்டு வரியில கடனை அடைப்பாங்கன்னு சொன்னீங்க. எங்க ஆளுகளுக்கு வீடு ஏது சேர்? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஏழு பேர்ச் காணி தர்றோம்னு வருஷக்கணக்கா சொல்றாங்க, இங்க கிடைச்சவங்க கொஞ்சம் பேர்தான். ஊர் ஊரா ஓட்டுப் போட்டு ஊர்க்காசுல கட்டுறதுன்னா கண்டி டவுன்ல மாடி மேல மாடி எழும்பும். நாங்க இதே அலுமாரிக்குப் பின்னால இருப்போம்."

எனக்குப் பதில் இல்லை. அமெரிக்காவிலும் சொத்து மதிப்பு அதிகமுள்ள ஊர்ப் பள்ளிதான் சுலபமாகப் பணம் திரட்டுகிறது என்று மகன் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அப்ப அதுல உங்களுக்கு எதுவுமே பிடிக்கலியா டீச்சர்?"

"ஒண்ணு பிடிச்சிச்சு. கூரை முதல்லயா, கக்கூஸ் முதல்லயான்னு அவங்களைக் கேக்குறாங்க பாருங்க, அது. எங்களுக்குத் தண்ணி வேணும்னு எழுதினோம். வாசல் வளைவு வந்துச்சு."

லூல்கந்துர

மறுநாள் தெல்தோட்டை வழியாக லூல்கந்துர. சாலை குறுகி, மூடுபனி தேயிலைக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. 1852இல் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம் இது. இலங்கையில் தேயிலை வாணிபம் தொடங்கியது இங்கேதான். அவர் குடியிருந்த வீட்டின் புகைபோக்கி மட்டும் மிச்சம். அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல் இருக்கையில் வரிசையில் நின்று உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். அந்த 19 ஏக்கருக்கு முதல் குழியை வெட்டியவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று காட்ட ஒரு கல்லும் இல்லை.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்து, "இந்தியாவா? எந்த ஊரு?" என்றார். புதுக்கோட்டை என்றேன். "எங்க தாத்தா துறையூரு. நான் பாத்ததில்ல" என்றார். மகள் கண்டியில் துணிக்கடையில் வேலை செய்கிறாளாம். "ஓ.எல். வரைக்கும் படிச்சா. சயன்ஸ் படிக்கணும்னா டவுனுக்குப் போகணும். பஸ் காசு யாரு குடுக்குறது?" குறையாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார்.

கீழே இறங்கும் வழியில் சிங்களக் கிராமம் ஒன்றின் பள்ளியையும் பார்த்தேன். அங்கும் கூரைத் தகரத்தின் மேல் கல் வைத்திருந்தார்கள். மலைக்கும் நகரத்துக்கும் நடுவில் விழுந்திருக்கும் கோடு எல்லா இடத்திலும் மொழியைப் பார்த்து விழவில்லை.

மீண்டும் கண்டி

ஹேவாஹெட்ட, தலாத்துஓயா வழியாகக் கண்டிக்குத் திரும்பியபோது விளக்கேற்றிவிட்டார்கள். குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே யோசித்தேன். இந்திய அரசின் நன்கொடையில் 9 தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்தும் திட்டம் அப்போது இருந்தது, அவற்றில் ஆறு இந்த மத்திய மாகாணத்தில் இருக்கின்றன. நல்ல காரியம். ஸ்வீடன் கட்டியதும் நல்ல காரியம். ஆனால் கொடுப்பவர் மனம் வைத்தால்தான் கட்டடம் என்கிற நிலை, துரை காலத்திலிருந்து முகம் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. பணம் மொத்த நாட்டின் பையிலிருந்து வர வேண்டும், லயத்திலிருந்து வரக் கூடாது. அதை எதற்குச் செலவழிப்பது என்பதை மட்டும் லயத்தைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அதிபர் டீச்சர் சொன்னதை என்னால் இதைவிடச் சுருக்க முடியவில்லை.

விடைபெறும்போது அவர் சொன்ன இன்னொன்று இது. தேர்தலன்று அந்த நீள மண்டபம்தான் வாக்குச்சாவடி. முதல் நாளே அலுமாரிகளை நகர்த்தித் தடுப்புகளைக் கழற்றிவிடுவார்கள். அதிகாரிகள் தங்குவார்கள் என்பதால் பவுசரில் தண்ணீர் வரும். அந்த இரண்டு நாளும் கழிப்பறை வேலை செய்யும்.

ஆனால் அந்தப் பள்ளியின் பொறுப்பு அந்தத் தேர்தலில் முடிவாவதில்லை. தேசியப் பாடசாலைகள் என்று பெயர் பெற்றவை இலங்கையில் நானூறுக்குள். அவற்றைக் கொழும்பு அமைச்சு பார்த்துக்கொள்கிறது. மற்ற கிட்டத்தட்ட பத்தாயிரம் பள்ளிகள் மாகாண சபைகளின் பொறுப்பு. கலஹா மலைப் பள்ளியும் அவற்றில் ஒன்று. ஜனாதிபதித் தேர்தல் 2024 செப்டெம்பர் 21இல் நடந்தது. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்ததும் ஒரு செப்டெம்பர் 21தான். வருடம் 2013. அந்தச் சபையின் காலம் 2018இல் முடிந்தது. நான் போனபோது ஆளுநர்தான் மாகாணத்தை நடத்திக்கொண்டிருந்தார். அலுமாரிக்குப் பின்னால் காதைப் பொத்திக் கணக்குப் போட்ட ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளில் ஒருவரும் அந்தக் கடைசி வாக்களிப்பின்போது பிறந்திருக்கவில்லை.